பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 9

இன்று நீதிமன்றத்தில் என் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். பன்னிரண்டு மாதத் தடை. அது முடிந்தாலும் சும்மா திருப்பித் தர மாட்டார்களாம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, மறுபடியும் பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி வாங்க வேண்டுமாம். எட்டு வருடம் ரொட்டிக் கம்பெனி லாரி, அப்புறம் பள்ளி வேன், கடைசி ஆறு வருடம் வாடகைக் கார் என்று ஓட்டியவள் நான். ஐம்பத்தொரு வயதில் எனக்கு எல் பலகை!

தொண்ணூறில் போக வேண்டிய விரைவுச்சாலையில் நூற்று நாற்பத்தெட்டில் போனேன். தப்புதான். ஆனால் பின்சீட்டில் இருந்த பயணிக்கு விமானம் தவறிவிடும்போல இருந்தது. நல்லது செய்யப் போய் மாட்டிக்கொண்டேன். நீதிபதி அந்தப் பயணத்தின் பதிவைக் கேட்டார். செயலியில் ஏதோ குளறுபடி என்றேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் நூலகத்தில் வேலை பார்க்கிறார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சாயங்காலம் இந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "கோவத்த என்மேல காட்டாதே குணா. இதுல எழுது" என்றார். எழுதுகிறேன்.

ஜனவரி 10

பேருந்து. நின்றபடியே பதினெட்டு நிறுத்தம்.

ஜனவரி 17

சிகை அலங்காரக் கடையில், கீழ்வீட்டுக்காரியிடம், தங்கை மகளிடம் என்று எல்லாரிடமும் அந்த விமானப் பயணியின் கதையைச் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் உச்சுக்கொட்டுகிறார்கள். இப்போது அந்தப் பயணிக்கு ஒரு நீலப் பெட்டியும் மலேரியாக் காய்ச்சலில் கிடக்கும் அம்மாவும் சேர்ந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 2

மலேசியாவில் குளுவாங்கிலிருந்து அண்ணன் ராஜமாணிக்கம் கூப்பிட்டார். ஆறாங்கட்டைத் தோட்டத்து முருகன் கோயிலுக்கு அவர்தான் செயலாளர். பங்குனி உத்திரத் தேரை ஒரு பிக்-அப் வண்டியில் கட்டி இழுப்பார்கள். போன வருடம் வரை அண்ணன் மகன் ஓட்டினான். அவன் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"குணா, நீ வந்து ஓட்டு லா. லாரியே ஓட்டுனவ. உன்ன விட்டா எனக்கு வேற ஆளு இல்லே."

"அண்ணே, அது வந்து..."

"வாரா வாரம் வந்துரு. கோயில் வேலையும் கெடக்கு."

நான் விஷயத்தைச் சொல்லியிருப்பேன். அவர்தான் பேச விடவில்லை.

பிப்ரவரி 8

சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் எல்லைப் பாலத்தைக் கடந்து, லார்கின் நிலையத்தில் இறங்கி, இன்னொரு பேருந்து பிடித்து, குளுவாங் போய்ச் சேர நாலு மணி நேரம்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதியால் வலது கால் பெருவிரலை எடுத்து ஒரு வருடமாகிறது. அதிலிருந்து அவர் ஓட்டுவதில்லை. பிக்-அப் வாசலில் தூசி படிந்து நிற்கிறது. அண்ணி அமிர்தம் சாவியை நீட்டி, "பாசாருக்குப் போயி அரிசி மூட்டையத் தூக்கிட்டு வந்துருவமா?" என்றார்.

நான் ரொம்ப யோசித்தேன் என்று எழுதலாம். யோசிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், நடுவில் செம்மண் பாதை, எதிரே ஒரு நாய்கூட இல்லை. மூன்றாவது கியர் விழுந்ததும் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாகப் பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கை இது! அண்ணி, "இதுல சிரிக்க என்னா இருக்கு?" என்றார். என்னவென்று சொல்வது?

என் உரிமத்தைப் பறித்தது சிங்கப்பூர். இது மலேசியா. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்மேல் யாரும் ஒரு குற்றமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9

"அங்க வண்டி கிண்டி தொட்டியா?" வீடு திரும்பியதும் தணிகாசலம் கேட்டார்.

"இல்லீங்க."

"தொடாதே. நானும் படிச்சுப் பாத்தேன். இங்க செல்லாத லைசன்ஸ் அங்கயும் செல்லாது. இன்சூரன்சும் கெடையாது. நீ யாரையாவது இடிச்சிட்டா அவங்களுக்கு நாதியில்லே."

நூலகத்து ஆளைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். எதற்கெடுத்தாலும் படித்துவிட்டு வந்து நிற்பார்.

துணி காயவில்லை. நாள் முழுக்க மழை.

பிப்ரவரி 22

தேரை இன்று கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துக் கழுவினோம். மேலே பார்த்தால் கோபுரம், குதிரைகள், தங்க வண்ணம் என்று கண்ணைப் பறிக்கும். குனிந்து பார்த்தால் அது ஒரு செத்துப்போன லாரி. எஞ்சினைக் கழற்றிவிட்டு அடிச்சட்டத்தின்மேல் தேரைக் கட்டியிருக்கிறார்கள். சாமி பீடத்துக்குக் கீழே ஒரு பொந்து. அதற்குள் பழைய ஸ்டியரிங், பிரேக், ஒரு நாற்காலி. பிக்-அப் முன்னால் இழுக்க, மெக்கானிக் தங்கையா பொந்துக்குள் உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்புவார். நான் நுழைந்து பார்த்தேன். ஸ்டியரிங் கல்லுமாதிரி கனக்கிறது.

திரும்பும்போது அண்ணியைப் பாசாருக்கு, பூக்காரி வீட்டுக்கு, பல் டாக்டரிடம் என்று எல்லா இடத்துக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணிக்குப் பல்லில் ஒன்றுமில்லை. எனக்காகத்தான் போனோம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 1

கோயில் கூட்டம். தலைவர் கிராணி சின்னையா. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எழுபது வயது, முதுகு வளையவில்லை, நாக்கும் வளையாது.

"போலீஸ் பெர்மிட்டுக்கு வண்டி நம்பரும் டிரைவர் பேரும் போடணும். லைசன்ஸ் நகல் வேணும்" என்றார்.

"அடுத்த வாரம் கொண்டாந்துடறேன்" என்றது என் வாய்.

மார்ச் 7

வாடகைக் கார் வேலையில் சேர்ந்தபோது எடுத்த உரிமத்தின் வண்ண நகல் ஒன்று அலமாரியில் கிடந்தது. படத்தில் நான் இளமையாக இருக்கிறேன். காலாவதித் தேதி ஒன்றும் அதில் இல்லை. எடுத்துக் கைப்பையில் வைத்தேன். மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தேன். மறுபடி கைப்பையில்.

மார்ச் 8

கொடுத்துவிட்டேன்.

மார்ச் 22

பெர்மிட் வந்துவிட்டது. என் பெயர் அதில் இருக்கிறது. பெண் ஒருத்தி தேரை இழுப்பது இந்தக் கோயிலில் இதுவே முதல்முறை என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பாசாரில் மீன்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. விரதம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 29

ஒத்திகை. சாமி இல்லாத வெறுந்தேர். ஊர்வலப் பாதை இரண்டு கிலோமீட்டர்: தோட்டச் சாலை, கடைத்தெரு, சீனப் பள்ளிக்கூடத்து இறக்கம், திரும்பி கோயில். நான் பிக்-அப்பில், தங்கையா பின்னால் பொந்தில். அண்ணி என் பக்கத்தில்.

தோட்டச் சாலையில் ஒரு நேர்ப்பகுதி இருக்கிறது. என் கால் தானாகவே அழுத்தியது. இருபது, முப்பது, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். பின்னால் தேர் அசைந்து ஆடி ஒரு பக்கம் இழுத்தது. தங்கையா "அம்மாடி!" என்று கத்துவது எனக்கே கேட்டது. நிறுத்தினேன். சாலை ஓரத்தில் நாலு பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் தேர்ச்சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏன் குணா, பிளேனு புடிக்கவா போறே?" என்றார்.

அண்ணிக்கு எதுவும் தெரியாது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

மார்ச் 30

பின்சீட்டில் யாரும் இல்லை.

விமானப் பயணி, நீலப் பெட்டி, காய்ச்சல்காரி அம்மா என்று யாருமே இல்லை. காலை ஐந்து மணி, காலிச் சாலை, காலி வண்டி. எனக்கு வேகமாகப் போக ஆசையாக இருந்தது, போனேன். அன்று மட்டுமா? வாரத்துக்கு இரண்டு நாள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கேமரா பிடித்தது. அவ்வளவுதான்.

இதை எழுத எனக்கு எண்பது நாள் ஆகியிருக்கிறது. எழுதி முடித்ததும் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். தணிகாசலம் இரண்டு தரம் படித்தார். "வண்டி தொட்டியா?" என்றார். "தொட்டேன். எட்டு வாரமா தொடறேன்." நேற்றைய பக்கத்தையும் புரட்டிக் காட்டினேன். அதையும் படித்துவிட்டு அவர் குறிப்பேட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"அந்த நாலு பொம்பளைங்க மேல தேர் ஏறியிருந்தா, கோயிலே இல்லாமப் போயிருக்கும் குணா. உங்கண்ணன் ஜெயிலுக்குப் போயிருப்பாரு."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 5

கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அண்ணனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். தனியாகச் சொன்னால் என்னைக் காப்பாற்ற அவர் மறைத்துவிடுவார். அதனால் எல்லார் முன்னாலும் சொன்னேன். உரிமம் இல்லை, கொடுத்த நகல் செல்லாது, நூற்று நாற்பத்தெட்டு, பயணி கதை பொய். சாவியை மேசைமேல் வைத்தேன்.

அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏம்மா, எங்கிட்டயாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கிராணி மட்டும் பேசினார்.

"திருவிழாவுக்கு ஆறு நாளு. நோன்புப் பெருநாள் லீவுல போலீஸ் ஆபீசுல பாதி ஆளு இல்லே. டிரைவர் பேர மாத்த பத்து நாளு ஆவும். நாப்பது வருஷமா நிக்காத தேரு உன்னால நிக்கப் போவுது. நல்லா இருக்கு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6

அண்ணன் போன் செய்தார். திட்டத்தான் என்று நினைத்தேன்.

கிராணியும் அவரும் காலையிலேயே போலீஸ் நிலையத்துக்குப் போய் நகல் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இருந்த அதிகாரி பிக்-அப் பெர்மிட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, ஊர்வலத்துக்கு மட்டும் அனுமதியை அப்படியே விட்டாராம். எஞ்சின் வண்டி எதுவும் வரக்கூடாது. ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதானால் போகலாம், காவலுக்கு இரண்டு பேரை அனுப்புகிறேன் என்றாராம்.

"கயித்துல இழுக்கறதுக்கு ஆளு இருக்கா அண்ணே?"

"அதுக்கு உங்கண்ணி இருக்கா. தங்கையாதான் பொந்துல உக்கார மாட்டேங்கிறாரு."

காரணம் இருக்கிறது. இத்தனை வருடமும் இறக்கத்தில் தேரின் கனத்தை பிக்-அப் தாங்கியது. கயிறு எதையும் தாங்காது. மூன்று டன் தேரும் பொந்தில் இருப்பவர் காலில்தான். எஞ்சின் இல்லாத லாரிக்குப் பிரேக் சுலபத்தில் பிடிக்காது. ஏறி நின்று மிதிக்க வேண்டும். எனக்குத் தெரியும். ரொட்டி லாரி ஒருமுறை புக்கித் தீமா மேட்டில் எஞ்சின் அணைந்து பின்னால் உருண்டிருக்கிறது. நான் நிறுத்தியிருக்கிறேன்.

"நான் உக்காரட்டுமா?" என்றேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

அண்ணன், "கூட்டத்துல கேளு" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 8

விடுப்புப் போட்டுவிட்டுத் தணிகாசலமும் கூட வந்தார்.

கூட்டத்தில் கேட்டேன். கிராணி எழுந்தார். "லைசன்ஸ் புடுங்குனவ கையில சாமியக் குடுக்கிறதா?"

அண்ணி பின்வரிசையிலிருந்து, "வேற யாரு கையில குடுக்கப் போறீங்க? சொல்லுங்க, நான் அவுங்கள இழுக்கறேன்" என்றார். தோட்டத்துப் பெண்கள் அறுபது பேரை அண்ணி திரட்டி வைத்திருந்தார். முன்கயிறு பெண்கள். இறக்கத்தில் தேரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளப் பின்கயிறு ஆண்கள்.

கிராணி தங்கையாவைப் பார்த்தார். தங்கையா தரையைப் பார்த்தார். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை.

"சரி. நாளைக்கு வெறுந்தேர இறக்கத்துல எறக்கிக் காட்டட்டும். காட்டுனா, உத்திரத்தன்னிக்கு நான் தேருக்கு முன்னால நடப்பேன். தேர் யாரு மேலயாவது போறதா இருந்தா மொதல்ல எம்மேல போவட்டும்."

மனுஷர் சொன்னால் செய்வார்.

ஏப்ரல் 9

காட்டினேன். ஆறு தடவை. தங்கையாவும் கூட நுழைந்து பிரேக் எண்ணெயை மாற்றி, கைப்பிரேக்கை முறுக்கிக் கொடுத்தார். தொடை இரண்டும் மரத்துப்போய்விட்டது. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். தணிகாசலம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

ஏப்ரல் 10

எலுமிச்சம்பழம் நறுக்கினேன். பூக்கட்டினேன்.

ஏப்ரல் 11

இரண்டு கையிலும் கட்டு, எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் இன்றைக்கே எழுத வேண்டும்.

காலை ஒன்பதுக்குச் சாமியை ஏற்றினார்கள். மஞ்சள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு பொந்துக்குள் நுழைந்தேன். முன்பலகையில் வெட்டிய சின்னச் சதுரம் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். அதில் தெரிந்ததெல்லாம் அறுபது பெண்களின் முதுகும், அவர்களுக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் கிராணியும்தான். பெண்கள் வேலுக்கு அரோகரா போட்டுக் கயிற்றை இழுத்தார்கள். தேர் அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். என் தலைக்குமேல் பலகை முனகியது, சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது, பிறகு நிற்கவே இல்லை.

என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எதையும் ஓட்டியதில்லை. தோட்டச் சாலைக்கு மட்டும் ஒரு மணி நேரம். ஒவ்வொரு குழியும் என் கைக்கு வந்தது. கடைத்தெருத் திருப்பத்தில் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துத் தள்ளித் திருப்பினேன். கொப்புளம் உடைந்தது. வலித்தது. ஆனால் எனக்கு உள்ளே பாட்டுப் பாட வேண்டும்போல இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சீனப் பள்ளிக்கூடத்து இறக்கம். அண்ணன் ஒலிபெருக்கியில் சொல்ல, பெண்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். பின்கயிற்றை ஆண்கள் இறுக்கினார்கள். என் முன்னால் கிராணி மட்டும். அவர் திரும்பி, தேரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

பாதி இறங்கியபோது பின்னால் ஒரு கூச்சல். பால்குடத்திலிருந்து சிந்திய பாலில் யாரோ வழுக்கி விழுந்து, அவரோடு நாலைந்து பேர் விழுந்து, கயிறு தளர்ந்துவிட்டது. மூன்று டன்னும் என்மேல் வந்ததை முதுகில் உணர்ந்தேன். நாற்காலியை விட்டெழுந்து பிரேக்கில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன். கைப்பிரேக்கை இழுத்தேன். தேர் போய்க்கொண்டே இருந்தது. வலது பக்கம் ஜனங்கள், இடது பக்கம் சாலையோரக் கான்கிரீட் விளிம்பு. இடது சக்கரத்தை விளிம்போடு உரச விட்டேன். ரப்பர் கருகும் வாசம் பொந்து முழுக்க ஏறியது. சதுரத்தில் கிராணியின் சட்டைப் பொத்தான் தெரிந்தது, பிறகு பொத்தானின் நூல்கூடத் தெரிந்தது.

நின்றது.

கிராணி ஓர் அடிகூட ஒதுங்கவில்லை. கையை நீட்டினால் தேரைத் தொடலாம். குனிந்து சதுரத்துக்குள் என்னைப் பார்த்தார். நெற்றி முழுக்க வேர்வை.

"ஏன் நிறுத்திட்டே? பூசைக்கு நேரமாவுது. வா" என்றார்.

வந்தேன். மிச்ச இறக்கத்தைச் சாண் சாணாக இறங்கினேன். பின்கயிற்றை மறுபடி பிடித்தவர்களில் முதல் ஆளாகத் தணிகாசலம் நின்றதாக அண்ணி பிறகு சொன்னார். சட்டை கிழிந்து, முட்டி தேய்ந்து, வாழ்நாளில் புத்தகத்தைத் தவிர வேறு கனம் தூக்காத மனுஷர்.

கோயில் வாசலில் தேர் நிலைக்கு வந்தது. பொந்திலிருந்து என்னைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தார்கள், காலில் உயிரில்லை. முகமெல்லாம் கரி. கூட்டத்தைப் பார்த்ததும் ஓரமாகப் போய் உட்காரலாம் என்று நகர்ந்தேன். அதற்குள் கிராணி சாமி கழுத்து மாலையைக் குருக்களிடம் கேட்டு வாங்கி, அதை அண்ணன் கையில் கொடுத்து, ஏதோ சொன்னார்.

அண்ணன் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"பக்தர்களே! இன்னிக்குத் தேர ஓட்டுனது என் தங்கச்சி குணவதி. சிங்கப்பூர்ல இவளுக்கு லைசன்ஸ புடுங்கிட்டாங்க. எங்ககிட்ட பொய் சொன்னா. அப்புறம் இவளே எந்திரிச்சு நின்னு உண்மையும் சொன்னா. இந்த இறக்கத்துல இவ கால்லதான் நம்ம எல்லாரும் நின்னோம்."

ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். நொண்டியபடி வந்து மாலையை என் கழுத்தில் போட்டார். முன்கயிறு இழுத்த அறுபது பேரும் கைதட்ட ஆரம்பித்தார்கள், பிறகு ஊரே தட்டியது. நான் குனியவில்லை. தலையை நிமிர்த்தி, கடைசிக் கைதட்டல் ஓயும்வரை அப்படியே நின்றேன்.